கதையை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நாங்கள் ஒன்பது பேர் நாடகக் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். இதே நகரின் கேட்டோ மேனர் பகுதியை விட்டு வெளியேற்றப்படுவதற்கு முந்தின இரவு, ஒரு பாட்டி சாமான்களை மூட்டை கட்டுவதுதான் எங்களுக்குப் பிடித்த சிறுகதை. எழுதியவர் உள்ளூர்க்காரர். ஆறு பக்கம், பாதிக்கு மேல் பாட்டியின் நினைப்பு. ஒருவர் உட்கார்ந்து எழுதாமல், எல்லாரும் சேர்ந்து பட்டறை நடத்தி நாடகமாக்க ஆசை. எப்படித் தொடங்குவது? எங்களில் மூன்று பேருக்குத்தான் தமிழ் வாசிக்க வரும்.

பதில்: முதலில் கதாசிரியரைப் போய்ப் பாருங்கள். இங்குள்ள 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை நாடகமாக்க அனுமதி தரும் உரிமை அவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு அந்த உரிமை நிற்கும். ‘சும்மா போடுங்க’ என்று வாயால் சொன்னாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை காட்சி, டிக்கெட் உண்டா, முடிவை மாற்றலாமா? கூடவே, நாடகத்தில் யார் யார் பெயர் வரும் என்பதையும் உங்களுக்குள் முதல் நாளே பேசிவிடுங்கள். கைதட்டல் கிடைத்த பிறகு பேசினால் சண்டைதான். 1981இல் பட்டறையில் பிறந்த ‘வோசா ஆல்பர்ட்’ நாடகத்தை எழுதியவர்களாகப் பெர்சி முட்வா, இம்போங்கெனி இங்கேமா, பார்னி சைமன் மூவர் பெயரும் இருக்கிறது. முதல் இருவர் நடிகர்கள், மூன்றாமவர் இயக்குநர்.

சரி, பட்டறைக்கு வருவோம். முதல் நாள் கதையை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு மூடி வைத்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரியாக நினைவிலிருந்து சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஆறு பேரும் இதில் சமமாகிவிடுவார்கள். எல்லாருக்கும் நினைவில் நின்றதுதான் நாடகத்தின் எலும்பு. யாருக்குமே நிற்காதது பெரும்பாலும் உரைநடையின் அழகு. மனசு கேட்காது, ஆனாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பாட்டியின் நினைப்பு. பல குழுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன: ‘ஐயோ, நான் இந்த வீட்டை எப்படி மறப்பேன்!’ என்று பாட்டியைத் தனியாகப் புலம்ப விடுகிறார்கள். அதற்குப் பதில், கதையில் ‘நினைத்தாள்’, ‘தவித்தாள்’ என்று வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் செய்யும் ஒரு காரியம் தேடுங்கள். அம்மியை எடுத்துப்போவதா, விடுவதா என்று பாட்டி தவிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிஜமான அம்மியைக் கொண்டுவந்து ஒரு நடிகையை வாசல்வரை தூக்கச் சொல்லுங்கள். இரண்டடி போவார், இறக்கி வைப்பார், மூச்சு வாங்குவார், முந்தானையால் கல்லைத் துடைப்பார். வசனமே தேவைப்படாது. அட்டையில் செய்த அம்மி இந்த வேலையைச் செய்யாது.

பிறகு கதையில் ஒரு வரியோடு போகிறவர்களைக் கூப்பிடுங்கள். லாரி டிரைவராக ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும்: இன்று இது எத்தனையாவது வீடு? சாப்பிட்டாயா? உன் வீடு எங்கே? கதாசிரியர் எழுதாமல் விட்ட காட்சி இப்படித்தான் கிடைக்கும். பெரியவர்களிடமும் போய்க் கேளுங்கள். யார் எங்கே வாழலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து பெயர்ந்தவர்கள் சாட்ஸ்வர்த்தில் இன்றும் இருக்கிறார்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான்’ என்று முடித்துவிடுவார்கள். ‘லாரியில் முதலில் எதை ஏற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். சொன்னதை மேடையில் வைக்கும் முன் அவர்களிடம் சம்மதம் வாங்குவது முக்கியம்.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யலாம். ஆனால் பேனா ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். ஒன்பது பேர் பேசலாம், ஒன்பது பேர் எழுதினால் கதம்பம். அந்த ஒருவர் அன்றிரவே கேட்டு, பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை வெட்டட்டும்.

மொழி பற்றிப் பயப்படாதீர்கள். பாட்டி தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வது டர்பனில் நடக்கிறதுதானே? அந்த இடைவெளியே நாடகம். வாசிக்க வராதவர்களுக்கு வசனத்தைப் பேசிப் பதிவு செய்து கொடுங்கள், காதால் பிடித்துக்கொள்வார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நாக்கும் அப்படியே போய்விடுகிறது. அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

இடையில் கதை சொல்ல ஒருவர் தேவைப்பட்டால், ஓரத்தில் தாளோடு நிற்கும் ஆள் வேண்டாம். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்கிறார்களே, அந்தத் தெருக்கூத்தின் கட்டியக்காரனைக் கொண்டுவாருங்கள். அவன் கதையும் சொல்வான், அதிகாரியாகவும் மாறுவான், பாட்டியைக் கிண்டலும் செய்வான். சோகக் கதைக்கு அவன் ரொம்ப அவசியம்.

ஒப்பனை, விளக்கு எதுவும் இல்லாமல் ஒரு முறை கதாசிரியருக்கும் நீங்கள் பேட்டி கண்ட பெரியவர்களுக்கும் நடித்துக் காட்டுங்கள். எங்கே அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தொடங்குகிறார்கள் என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். அலுப்பில் பேசினால் அங்கே வெட்டுங்கள். தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினால் தொடாதீர்கள்.

அப்புறம், அம்மியைக் கடன் வாங்கும்போது குழவியையும் கேட்டு வாங்குங்கள். நாங்கள் ஒருமுறை மறந்துவிட்டு, காட்சிக்கு அரை மணி முன்னால் வீடு வீடாக அலைந்தோம்.