அவளுக்கு யாரு தலை சீவி விடுவா?

கேள்வி: ஆறாம் வகுப்பு டீச்சர் நான். படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ பத்து வயசுப் பொண்ணு பாத்துக்கற கதை ஒண்ணு கெடச்சுது, கிளாஸ்ல வாசிக்கலாம்னு இருக்கேன். கூட வேலை பாக்கற டீச்சர், "எதுக்கு பிள்ளைங்கள அழ வைக்கறீங்க, நம்ம கிளாஸ்லயே அப்படி ஒரு பிள்ள இருந்துட்டா?"ங்கறாங்க. வாசிக்கலாமா, விட்டுடலாமா?

வாசிங்க டீச்சர். "இருந்துட்டா?"னு கேக்கறாங்களே, அப்படி ஒரு பிள்ள இருக்கும்ங்கறதுதான் வாசிக்கறதுக்கே காரணம். வீட்ல நோயாளியையோ, மாற்றுத்திறனாளியையோ, மனசு சரியில்லாதவங்களையோ, குடிய விட முடியாதவங்களையோ பாத்துக்கற பிள்ளைங்கள இங்கிலாந்துல யங் கேரர்னு பேரு வெச்சு எண்றாங்க. 2011 சென்சஸ்ல இங்கிலாந்தும் வேல்ஸும் சேத்து 5லேருந்து 17 வயசுக்குள்ள 1,77,918 பேரு. அதுவும் வீட்ல பெரியவங்க ஃபார்ம்ல எழுதிக் குடுத்த கணக்குதான், எழுதாம விட்டது எவ்வளவோ. 2023ல இங்கிலாந்து ஸ்கூல் கணக்கெடுப்புலயும் மொத தடவையா இந்தக் கேள்விய சேத்தாங்க, பெரும்பாலான ஸ்கூலு எங்ககிட்ட ஒருத்தர் கூட இல்லனு எழுதி அனுப்பிச்சுது! இல்லாம எங்க போச்சு, வாயத் தொறக்கல, அவ்வளவுதான். சொன்னா நம்மள அம்மாகிட்டேருந்து பிரிச்சுடுவாங்களோங்கற பயம் ஒண்ணு. இன்னொண்ணு, தான் செய்யறது தனியா ஒரு வேலைனே பல பிள்ளைங்களுக்குத் தெரியாது, எல்லா வீடும் இப்படித்தான் ஓடுதுனு நெனச்சுட்டிருக்கும்.

ஆனா "உங்க வீட்ல யாருக்காவது உடம்பு முடியலயா, கை தூக்குங்க"னு மட்டும் கேட்டுடாதீங்க. பேச்சு கதைக்குள்ளயே இருக்கட்டும். லேட்டா வந்ததுக்கு அவ ஏன் பொய் சொன்னா, அவ ஃப்ரெண்டு நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க, இந்த மாதிரி. கதைல வர்ற பொண்ணு பேர வெச்சு ஒரு பிள்ள தன்னப் பத்தியே பேசிட்டுப் போயிடலாம், பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்குக் கூடத் தெரியாது.

நான் ஸ்கூல் லைப்ரரில வேலை பாத்தப்ப இப்படி ஒரு கதை வாசிச்சேன், எல்லாரும் பாவம் பாவம்ங்கறாங்க, பின்னாடி உக்காந்திருந்த, எப்பவும் பேசவே பேசாத ஒரு பொண்ணு, "அம்மாவுக்கு இவ தலை சீவி விடறா, சரி, அவளுக்கு யாரு தலை சீவி விடுவா?"னு கேட்டா. புத்தகத்துல அதுக்கு பதில் இல்ல, எழுதினவங்களுக்கே தோணல போல. தெரியலயேம்மா, நீ என்ன நெனைக்கறனு கேட்டேன். "அவளே சீவிப்பா. பின்னாடி வகிடு கோணலா இருக்கும்"னா. அவ வகிட அன்னைக்குத்தான் பாத்தேன், அவ்வளவு நாளா புக்கு சீல் போட்டுக் குடுத்துட்டிருந்தேன், பாத்ததில்ல.

உங்க கிளாஸ்ல அப்படி ஒரு பிள்ள இருக்குனு முன்னாடியே தெரிஞ்சா, மொத நாளே தனியா கூப்ட்டு, நாளைக்கு இப்படி ஒரு கதை வாசிக்கப்போறேன், இருக்கணும்னு தோணினா இரு, இல்லனா லைப்ரரிக்குப் போயிடுன்னு சொல்லிடுங்க. திடுதிப்புனு முகத்துல வந்து மோதக்கூடாது, அதான் விஷயம்.

கேள்வி: இந்த மாதிரி கதைல எது நல்லது, எது சும்மா கண்ணீர் வரவழைக்கறதுனு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நான் மொதல்ல பாக்கறது, அந்தப் பிள்ளைக்கு எங்கயாவது கோவம் வருதா. விடிகாலைல எழுந்து, வீட்டு வேலை முடிச்சு, மாத்திரை எடுத்துக் குடுத்து, ஸ்கூல்லயும் ஃபர்ஸ்ட் வந்து, ஒரு தடவ கூட சலிச்சுக்காம இருந்தா அது பிள்ளையே இல்ல, பெரியவங்க ஆசைப்பட்டு செஞ்ச பொம்ம. 1990ல அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் ஒரு கட்டுரை எழுதினாங்க, புத்தகம் பிள்ளைக்கு ஜன்னலாவும் இருக்கணும், தன் முகத்தப் பாத்துக்கற கண்ணாடியாவும் இருக்கணும்னு, இன்னைக்கு வரைக்கும் வாசிப்பு பத்திப் பேசறவங்க எல்லாரும் அதத்தான் சொல்லிட்டிருக்காங்க. சரிதான், ஆனா கண்ணாடில சாமி படம் தெரிஞ்சா அந்தப் பிள்ள என்ன பண்ணும், நான் இப்படி இல்லயேனு இன்னும் சுருங்கிப் போயிடும்.

ரெண்டாவது, உடம்பு முடியாதவங்க கதைல ஆளா இருக்காங்களா, இல்ல கட்டிலோட கட்டிலா கெடக்கறாங்களா. அவங்க ஜோக் அடிக்கணும், திட்டணும், ஹோம்வொர்க் பண்ணியானு கேக்கணும். அம்மாவ மொத பக்கத்துலயே சாகடிச்சுடறது எழுதறவங்களுக்கு ஈஸி. உயிரோட வெச்சு, ஒரு நாள் நல்லா ஒரு நாள் மோசமா கொண்டு போறதுதான் கஷ்டம், அதனாலதான் பிள்ளைங்க கதைல அனாதைங்க இவ்வளவு ஜாஸ்தியோ என்னமோ.

நான் பிள்ளைங்களுக்கு சொல்றதுக்குனு நானே கட்டின கதை ஒண்ணு இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது கேக்காது, பையன்தான் எல்லா எடத்துலயும் சைகைல சொல்லணும், பேரன்ட்ஸ் மீட்டிங்லயும் அவனேதான். டீச்சர் "உங்க பையன் மூணு வாரமா ஹோம்வொர்க்கே பண்ணல"ங்கறாங்க, அவன் அப்பாகிட்ட "ரொம்ப நல்லா படிக்கறேன்னு சொல்றாங்க"னு சைகை காட்டறான். கிளாஸே சிரிக்கும். அப்பா சந்தோஷத்துல டீச்சர் கையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாரு, டீச்சருக்கு ஒண்ணும் புரியல. அங்க சிரிப்பு தானா நிக்கும். அந்த எடத்துல நான் ஒரு நிமிஷம் ஒண்ணும் பேச மாட்டேன், விளக்கம் குடுத்தா போச்சு.

முடிவையும் பாருங்க. கடைசிப் பக்கத்துல நோய் குணமாயிடுச்சுன்னா ஓரமா வெச்சுடுங்க. நல்ல கதைல நோய் அப்படியேதான் இருக்கும், ஆனா அந்தப் பிள்ளையோட விஷயம் வெளிய யாரோ ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: கதை முடிஞ்சதும் கேள்வித்தாள் குடுத்து மார்க் போடலாமா?

அய்யோ வேணாமே.

கேள்வி: கதை வாசிச்ச அன்னைக்கு சாயந்தரம் ஒரு பையன் வந்து, "எங்க வீட்லயும் இப்படித்தான் மிஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னான். சரினு சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேனா?

சொல்லாதீங்கன்னா சரினுதான் வாய்ல வரும், எனக்கும் வந்திருக்கு. ஆனா அந்த வாக்கு குடுத்திருக்கக் கூடாது, ஏன்னா காப்பாத்த முடியாது. நாளைக்கே அவனக் கூப்ட்டு, நேத்து அவசரத்துல சொல்லிட்டேன், எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு உதவி பண்ணணும்னா ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும், யார்கிட்டனு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்னு நேராவே பேசிடுங்க. அவனுக்கோ வீட்ல இருக்கறவங்களுக்கோ ஆபத்துன்னு தோணினா மட்டும் நாளைக்குனு தள்ளாதீங்க.

அப்புறம் கேக்க வேண்டியது சின்னச் சின்ன விஷயம்தான். ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கற, எந்த நேரம் கஷ்டமா இருக்கு, கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது எதை நெனச்சு பயப்படற? பல பிள்ளைங்களுக்கு, வீட்ல அம்மா தனியா இருக்காங்களே, கீழ விழுந்துட்டா யாரு தூக்குவாங்கங்கறதுதான் கணக்குப் பாடம் பூரா ஓடும். மத்தியானம் ஒரே ஒரு ஃபோன் பண்ணிக்க விட்டாலே பாதி பாரம் எறங்கிடும். லேட்டா வந்தா வெளில நிக்க வைக்காதீங்க, ஹோம்வொர்க்க ஸ்கூல்லயே முடிக்க அரை மணி நேரம் குடுங்க. வீட்டுக்குப் பேசும்போது பையன வேலை வாங்கறீங்களேங்கற தொனி வந்துடவே கூடாது, வந்துச்சோ கதவு சாத்திக்கும். இங்கிலாந்துல 2014 குழந்தைகள் குடும்பங்கள் சட்டப்படி, இப்படி ஒரு பிள்ளைக்கு உதவி வேணும்போல தெரிஞ்சாலே உள்ளாட்சி நிர்வாகம் அதோட தேவை என்னனு பாத்தாகணும், யாரும் மனு போடணும்னு கூட இல்ல. அப்படிச் சட்டம் இல்லாத எடத்துல ஸ்கூல் கவுன்சிலரோ ஹெட்மாஸ்டரோதான் மொதல் படி.

கேள்வி: எனக்கு நாலு வருஷமா மூட்டு நோய். ஸ்கூல்ல இப்படி ஒரு கதை வாசிச்சுட்டு வந்து என் பொண்ணு, "அம்மா, அந்தக் கதைல வர்றது நானா?"னு கேட்டா. கூனிக்குறுகிப் போயிட்டேன்.

அம்மா, அவ கேட்டது குத்தம் சொல்றதுக்கில்ல, தன்ன மாதிரி இன்னொருத்தி இருக்காளேங்கற ஆச்சரியத்துல கேட்டிருப்பா. "ஆமா, கொஞ்சம் நீதான்"னு சொல்லிடுங்க, மழுப்பினீங்கன்னா இது பேசக்கூடாத விஷயம்னு அவ முடிவு பண்ணிடுவா. அந்தப் புத்தகத்த வீட்டுக்கு வாங்கிட்டு வரச் சொல்லி நீங்களே அவளுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, பக்கம் திருப்பறது வேணா அவ வேலையா இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 12 வயசு. தம்பிக்கு நடக்க வராது, நான்தான் பாத்துக்கறேன். கதைல வர்ற அண்ணன் எப்பவும் நல்லவனா இருக்கான். எனக்கு சில நாள் தம்பி மேல கோவமா வருது. நான் கெட்டவனா?

இல்லப்பா. அந்தக் கதைய எழுதினவங்களுக்கு உன்ன மாதிரி ஒருத்தன் கெடைக்கல, அதான். கோவம் வர்றப்ப வெளில போய் ரெண்டு சுத்து ஓடிட்டு வா, ஓடறோமே, தம்பியால முடியாதேனு நெனைக்காத. 1989ல ஐநா போட்ட குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 31வது பிரிவு ஒண்ணு இருக்கு, பிள்ளைங்களுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமைனு அதுல எழுதியிருக்கு, தம்பியப் பாத்துக்கற அண்ணனுக்குக் கிடையாதுனு அதுல எங்கயும் போடல. வீட்ல அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ, வாரத்துல ஒரு சாயந்தரம் எனக்கு வேணும்னு கேட்டுப் பாரு. முடியாதுன்னா உனக்குப் புடிச்ச டீச்சர் ஒருத்தர்கிட்ட இந்தப் பக்கத்தக் காட்டு.

உன் லெட்டர்ல எட்டு வரி இருக்கு, எட்டும் தம்பியப் பத்தி. அடுத்த லெட்டர்ல நீ என்ன விளையாடுவனு எழுது.