மூன்று முகம், இரண்டு கை

வணக்கம் ஐயா,

போன ஞாயிறு ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் போயிருந்தோம். அங்கே ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி. அதில் ஒரு படத்தைக் கைப்பேசியில் எடுத்து இணைத்திருக்கிறேன். நாற்காலியில் ஒரு பெண். ஒரே கழுத்தில் மூன்று முகம், இடையில் புகை மாதிரி. ஒரு காலில்தான் செருப்பு. தோழி "பேய்ப்படம்" என்று நகர்ந்துவிட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. இது மனக்கொந்தளிப்பா? எடுத்தவரே அப்படித் தவித்தவரா?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். மூன்று படங்களை ஒட்டியது போலத் தெரியவில்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் ஷட்டரைச் சில விநாடி திறந்து வைத்திருக்க, அந்தப் பெண் தலையைத் திருப்பியிருக்கிறாள். நின்ற இடத்தில் முகம் பதிந்தது, நகர்ந்த இடத்தில் புகையானது. நடு முகம்தான் மூன்றிலும் தெளிவு. அதாவது அங்கேதான் அதிக நேரம் நின்றிருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் தலை அசையாதிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை வைப்பார்கள். உங்கள் படத்தை எடுத்தவரோ அசைவதைத்தான் படமாக்கியிருக்கிறார்.

சரி, தலையை ஆட்டினால் கொந்தளிப்பு வந்துவிடுமா? வராது. நேற்று ராத்திரி அக்கா மகளை உட்காரவைத்து, ஒற்றை விளக்கில், இரண்டு விநாடி ஷட்டரில் நானும் எடுத்துப் பார்த்தேன். முகம் அழகாகக் கலைந்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் கை மடியில் வாழைப்பழம் மாதிரி சும்மா கிடந்தது.

உங்கள் படத்தில் கையைப் பாருங்கள். இரண்டும் நாற்காலி விளிம்பைப் பிடித்திருக்கின்றன. கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கிறது. அத்தனை நேரத்தில் விரல் ஒரு நூல்கூட அசையவில்லை. தலை ஓடப் பார்க்கிறது, கை விடமாட்டேன் என்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது முகமல்ல, இந்தக் கைதான் என்பது என் கட்சி. தொல்காப்பியர் அழுகை, அச்சம் முதலான எட்டு உணர்ச்சிகளையும் மெய்ப்பாடு என்றார். மெய் என்றால் உடம்பு. நாம்தான் முகத்தை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

எடுத்தவர் தவித்தாரா என்ற கேள்விக்குள் நான் போக விரும்பவில்லை. ஃபிரான்செஸ்கா வுட்மன் என்ற அமெரிக்கப் பெண் 1970களில் பாழடைந்த அறைகளில் தன்னையே இப்படிக் கலங்கலாக எடுத்தார். 1981இல், 22 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்புறம் அவருடைய ஒவ்வொரு படத்தையும் மரண ஓலை மாதிரி படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவற்றில் சில, கல்லூரியில் கொடுத்த பயிற்சிக்காக எடுத்தவை! வெளிச்சம், சுவர், நேரம் என்று ஒரு மாணவி கணக்குப் போட்டு உழைத்தது அந்த வாசிப்பில் காணாமல் போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தோழியைத் திட்டாதீர்கள். முகத்துக்கு ஊடே பின்சுவர் தெரிந்தால் யாருக்கும் பேய் ஞாபகம்தான் வரும். தலை நகர்ந்த பிறகு சுவரின் வெளிச்சமும் அதே இடத்தில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒற்றைச் செருப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். மற்றதும் படத்திலேயே இருக்கிறது. இடப்பக்க ஓரத்தில், கதவை ஒட்டிக் கவிழ்ந்து கிடக்கிறது.