நத்தையைத் தொட்டால் மூளைக்குப் புழு போகுமா?

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் பாளையங்கால்வாய் ஓரம் குடியிருக்கிறீர்கள். மழைக்கு அப்புறம் சுவரெல்லாம் நத்தை, சாக்கடையெல்லாம் எலி, பிள்ளைகள் நத்தையோடு விளையாடுகிறார்கள், தொட்டால் மூளைக்குப் புழு போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொட்டதால் மட்டும் வராது. தொட்ட கையை வாயில் வைப்பதுதான் ஆபத்து. எலி நுரையீரல் புழு எனப்படும் இந்தப் புழு எலியின் நுரையீரல் இரத்தக் குழாயில் வாழ்கிறது. குஞ்சுப் புழுக்கள் எலிப் புழுக்கையோடு வெளியேறும். அதைத் தின்னும் நத்தைக்குள் அவை வளரும். அந்த நத்தையையோ, கீரையில் ஒட்டியிருக்கும் பொடி நத்தையையோ பச்சையாக விழுங்கினால், புழு மூளைக்குப் போய் அங்கேயே செத்து வீக்கத்தை உண்டாக்கும். கடும் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. கேரளத்தில் பச்சை உடும்பு இறைச்சி சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. பச்சை நத்தையையோ உடும்பையோ மருந்து என்று யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். கீரையை இலை இலையாகக் கழுவி, நன்றாக வேகவைத்தால் போதும்.

சரி, உங்கள் தெருவில் நான் அதிகம் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்குத்தான். அது புழுவல்ல, பாக்டீரியா. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலோடு நடந்தாலே தொற்றலாம். 2023 டிசம்பர் வெள்ளம் போலத் தண்ணீர் தேங்கும்போது பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள்.