பியானோ எங்கே?

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னீர்களே என்று ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்த நேரடிப் பதிவை ஆபீஸ் பஸ்ஸில் கேட்டேன். சாக்ஸபோன், பேஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம், டிரம்ஸ், அவ்வளவுதான். பியானோ இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. போதாததற்கு கிளாஸ் சத்தம் வேறு. ஸ்டூடியோவில் பதிவான அவருடைய ஆல்பம் ஏதாவது சொல்ல முடியுமா? நல்ல ஹெட்போனும் சொல்லுங்கள்.

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹெட்போன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிளாஸ் சத்தமா? அது நியூயார்க்கில் தரைக்குக் கீழே நூற்றுச்சொச்சம் பேர் உட்காரும் கிளப். வந்தவர்கள் குடிக்காமல் என்ன செய்வார்கள்?

பியானோவுக்கு வருகிறேன். ஹாஸ்டலில் நண்பன் கொடுத்த டேப்பில்தான் இதை முதலில் கேட்டேன். என் டேப் ரிக்கார்டரில் ஒரு ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. பியானோ அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று மாதக்கணக்கில் நம்பினேன். பணம் சேர்த்து ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரர் போட்டுக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் தம்பி, மோனோ" என்றார். சரி, பியானோவே கிடையாது என்று தெரிந்த அன்றைக்குத்தான் வில்பர் வேரின் பேஸ் காதில் விழுந்தது.

பதிவான நாள் 1957 நவம்பர் 3. ரோலின்ஸுக்கு 27 வயது. மதியம் அவரோடு வாசித்தது வேறு இருவர். இரவில் வேரும், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸும். 'சானிமூன் ஃபார் டூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பார் ப்ளூஸ்; பார் என்றால் நாலு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று. மேலிருந்து இறங்கி வரும் நாலு பார் மெட்டு ஒன்றுதான், அதையே மூன்று முறை வாசிக்கிறார். இரண்டாம் முறை மெட்டு மாறவில்லை, ஆனால் வேறு மாதிரி கேட்கிறது. ஏன்? அடியில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறிவிட்டது. பியானோ இருந்தால் அதைப் பச்சையாகச் சொல்லிவிடும். இங்கே வேர் ஓரிரு ஸ்வரங்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மிச்சத்தை நம் காதுதான் போட்டுக்கொள்ள வேண்டும். ரோலின்ஸுக்கும் அதுதான் வசதி: கார்டு இதுதான் என்று பக்கத்தில் யாரும் அடித்துச் சொல்லாததால், இஷ்டத்துக்கு வெளியே போய்த் திரும்புகிறார். உங்களுக்கு வெறிச்சென்று பட்டது அந்த இடம்தான் ஐயா! எல்லாவற்றையும் யாராவது ஊட்டிவிட வேண்டுமா?

பஸ் இரைச்சலில் பேஸ் காணாமல் போய்விடும். இன்றிரவு சாப்பிட்டபின் விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஒரு பாட்டை மட்டும் கேளுங்கள். பேஸை மட்டும் பின்தொடருங்கள். பிடிக்காவிட்டால் என்னைத் திட்டி எழுதுங்கள், கோபப்பட மாட்டேன்.

ஸ்டூடியோதான் வேண்டுமென்றால் அதே வருடம் மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான 'வே அவுட் வெஸ்ட்' இருக்கிறது. கிளாஸ் சத்தம் இருக்காது. பியானோவும் இருக்காது.