ஆறு ஏக்கர் சரளைக்காடு: மரமா, போரா, இல்லை விற்றுவிடுவதா?

கேள்வி: அய்யா, வணக்கமுங்க. மூலனூர் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் சரளைக்காடு இருக்குதுங்க. அப்பா காலத்துல கடலையும் கொள்ளும் வெளைஞ்ச பூமி. 15 வருசமா ஏர் பூட்டலை. ஒரு அடி தோண்டினா சுக்கான்கல். ஆவாரையும் எருக்கும்தான் நிக்குது, ஊர் ஆடெல்லாம் அங்கதான் மேயுது. 850 அடி போர் போட்டுப் புகைதான் வந்துச்சு. இப்ப ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வந்து, ஏக்கருக்கு 435 மலைவேம்பு, வரப்போரம் செம்மரம், சொட்டுநீரும் தானே போட்டுத் தர்றேன், வெட்டறப்ப நானே எடுத்துக்கறேன்னு சொல்றாரு. மாசக் கடைசிக்குள்ள முன்பணம் வேணுமாம். இன்னொரு போர் போட்டு மரம் வைக்கலாமுங்களா? வேற எந்த மரம் தேறும்? பேசாம வித்துரலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது. ராத்திரி தூக்கமே இல்லீங்க.

பதில்: முதலில், முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொரு போரும் வேண்டாம்.

மலைவேம்பு நல்ல மரம்தான், ஆனால் ஆழமான மண்ணும் ஈரமும் கேட்கும். ஒரு அடியில் சுக்கான்கல் இருக்கிற காட்டில் வேர் பக்கவாட்டில் ஓடும். மரம் உயிரோடு நிற்கும், பருமன் ஏறாது. பருமன் இல்லாத மரத்துக்கு விறகு விலைதான். தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10க்கு 10 அடியில் 6 ஏக்கருக்கு 2,610 கன்று. கோடையில் கன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்று மிகக் குறைவாக வைத்தாலும் 52,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாரம் நாலு நடைக்கு மேல். இது ஒரு கோடையோடு முடிகிற செலவும் இல்லை.

செம்மரத்தில் வைரம் (விலை போகிற சிவப்பு நடுக்கட்டை) ஏற 20 வருடத்துக்கு மேல் ஆகும். பட்டா நிலத்தில் வளர்த்தாலும் வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டும். ‘நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறவரிடம் ஒப்பந்தத்தை வாங்கி மூன்று இடத்தை மட்டும் படியுங்கள். டன்னுக்கு இவ்வளவு என்று விலை எழுதியிருக்கிறதா, ‘அன்றைய சந்தை நிலவரம்’ என்றிருக்கிறதா? எந்தச் சுற்றளவுக்குக் கீழே எடுக்கமாட்டார்? அவர் வராவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. அவருடைய லாபம் கன்று விற்பதிலும் குழாய் போடுவதிலும் முடிந்துவிடுகிறது. உங்கள் மரம் வளர்கிறதா என்பது அதற்குப் பிறகு அவருக்குத் தேவையில்லாத சேதி.

எந்த மரம் என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘ஊர் ஆடெல்லாம் அங்கதான் மேயுது’. கேட்டிருக்க வேண்டியது அதைப் பற்றித்தான். மழை பெய்து துளிர்க்கிற புல்லை விதை கட்டுவதற்கு முன்பே 15 வருடமாக ஆடு நறுக்கிக்கொண்டு இருந்தால் மிஞ்சுவது ஆடு தொடாத ஆவாரையும் எருக்கும்தான். நிலம் செத்துப்போயிருந்தால் ஆவாரையும் நிற்காது. உங்கள் நிலம் மொட்டையடிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலிருந்து காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், அரவக்குறிச்சி வரை இதே சரளையில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். போர் இல்லை, சொட்டுநீர் இல்லை. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான். உங்கள் 6 ஏக்கருக்கு இதைவிடப் பொருத்தமான பயன் எனக்குத் தெரியவில்லை.

வேலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் கன்றுக்கும் விதைக்கும் செலவு செய்துவிட்டு வேலியைக் கடைசியில் பார்ப்போம் என்று விடுவதுதான். கல்தூணும் முள்கம்பியும் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். 6 ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 2,050 அடி. அடிக்கு ஒரு கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டின கிளை) என்று வையுங்கள். பக்கத்துக் காட்டில் வேலி கழிக்கும்போது கேட்டால் பெரும்பாலும் கூலிச் செலவோடு கிடைத்துவிடும். கட்டைவிரலுக்குக் குறையாத பருமன், மூன்றரை, நாலு அடி நீளம். வெட்டினதும் நடக்கூடாது. நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாயில் பால் காய்ந்த பிறகு நடுங்கள். பச்சை வெட்டோடு ஈர மண்ணில் வைத்தால் அடி அழுகும். எல்லையை ஒட்டி இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணைப் பக்கத்திலேயே கரையாகப் போட்டு, கரை மேல் முக்கால் அடி ஆழம் இறக்கி மிதித்துவிடுங்கள்.

மழைக்கு முன்பு நட்ட போத்து பல வாரம் மொட்டைக் குச்சியாகவே நிற்கும். ‘பட்டுப்போச்சு’ என்று பிடுங்கிப் போடுகிறவர்கள் நிறைய. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தொடாதீர்கள். பழுப்பாக, பொடியாக வந்தால் மட்டும் மாற்றுங்கள். அடைத்து வளர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை முள்ளை வெட்டி அடைக்கத்தான் வேண்டும். சீமைக்கருவேல் முள்ளாக இருந்தால் காய் இல்லாத கிளையாகப் பார்த்து எடுங்கள். காயோடு அடைத்தால் வேலியோரம் முழுக்க அதுதான் முளைக்கும்.

அந்த வாய்க்கால்தான் உங்கள் போர். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2 லட்சம் லிட்டர். மொட்டைச் சரளையில் அதில் பெரும்பங்கு ஓடையில் போய்விடுகிறது. வாய்க்காலை நீளத்துக்கு ஒரே ஓட்டமாக வெட்டினால் அதுவே ஓடையாகி மண்ணை அரிக்கும். 10 அடிக்கு ஒரு தடுப்பு மண்ணை வெட்டாமல் விடுங்கள். 10 அடி நீளக் குழி ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 850 லிட்டர் பிடிக்கும். கோடை மழை ஒன்று பெய்ததும் சரிவுக்குக் குறுக்காக ஒரு சால் உழவு ஓட்டுங்கள். சரிவோடு உழுகிற டிராக்டருக்குக் கூலி கொடுக்காதீர்கள்.

அடுத்தது புல் விதை. ‘வறட்சி தாங்கும்’ என்று சூப்பர் நேப்பியர் கரணை விற்க ஆள் வருவார்கள். அது தண்ணீர் பாய்கிற தோட்டத்துப் புல், இங்கே ஒரு மாசம் தாங்காது. உங்களுக்கு வேண்டியது கொழுக்கட்டைப் புல், ஏக்கருக்கு 3 கிலோ. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையில் கேளுங்கள், அல்லது நல்ல கொறங்காடு வைத்திருக்கிற பக்கத்துக்காரரிடம் வாங்குங்கள். விதை பஞ்சு மாதிரி சுணையோடு இருக்கும். நாலைந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதிப் பாருங்கள். உள்ளே கெட்டியாகச் சிறு மணி இருக்க வேண்டும். சுணை மட்டும் பறந்து கை காலியானால் அது விதை இல்லை, சொங்கு. எடைக்கு விற்கிற இடத்தில் இதுதான் அதிகம் கலந்திருக்கும். புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும், ஆறேழு மாசம் காய வைத்த விதைதான் முளைக்கும். 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி 10 நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

புரட்டாசியில் மண் நனைந்ததும் விதையுங்கள். தனியாக வீசினால் காற்று கொண்டுபோகும், எறும்பும் இழுக்கும். நாலு மடங்கு ஈர மணலும் சலித்த சாணித்தூளும் கலந்து வீசி, முள்கிளையை இழுத்து லேசாக மூடுங்கள். அரை விரல்கடைக்கு மேல் மண் மூடினால் முளை வெளியே வராது. கூடவே ஏக்கருக்கு 3 கிலோ கொள்ளு தூவலாம். முயல்மசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடியையும் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு முன் சரளையில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண், முயல்மசாலில் எல்லா வகையும் அதில் சரியாக வராது. அதற்குப் பதிலாக நரிப்பயறும் சங்குப்பூவும் போடுங்கள்.

முதல் வருடம் ஒரு ஆட்டுக்குட்டிகூட உள்ளே போகக்கூடாது. மார்கழியில் புல் பச்சையாக நிற்கும்போது அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், உங்களுக்கே மனசு இளகும். விதை பழுத்து உதிர்ந்த பிறகு தை, மாசியில் அறுத்துக் கொடுங்கள். இந்த ஒரு வருட அடைப்பைப் பாதியில் விட்டதால் போன கொறங்காடுகள்தான் அதிகம்.

வெள்வேல் ஏக்கருக்கு 20, 25 போதும். அடர்ந்தால் நிழலில் புல் போய்விடும். நாற்று வாங்க வேண்டாம். கோடையில் காய் தின்கிற ஆட்டுப்பட்டியில் எருவோடு விழுந்த விதையைப் பொறுக்கி, குழிக்கு நாலாக ஊன்றினால் போதும். மரம் பெரிதான பிறகு ஒரு கவனம்: காயிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. பசியோடு இருக்கிற ஆட்டை உதிர்ந்த காய்மேல் நேரே அவிழ்த்துவிடாமல், உலர் தீவனம் கொஞ்சம் போட்டு அனுப்புங்கள்.

ஆடு எத்தனை என்பதை ஆசைப்பட்டுத் தீர்மானிக்காதீர்கள். இரண்டாம் வருடம் ஐப்பசி, கார்த்திகையில் புல் கதிர் விடும்போது, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து பத்து இடத்தில் போட்டு, உள்ளே இருப்பதை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். சராசரி 250 கிராம் என்றால் ஏக்கருக்கு ஒரு டன். பாதியைக் காட்டிலேயே விட வேண்டும், மீதி 500 கிலோ. 25 கிலோ செம்மறி ஒன்று நாளுக்கு முக்கால் கிலோ, வருடத்துக்கு ஏறக்குறைய 270 கிலோ உலர்தீவனம் தின்னும். ஆக ஏக்கருக்கு இரண்டுக்கும் குறைவு. 6 ஏக்கருக்கு 10 பெட்டை, ஒரு கிடா. மேச்சேரி வாங்குங்கள், இந்த வெயிலுக்குப் பழகின இனம். வெள்ளாடு வேண்டாம், கிளுவையும் வெள்வேல் கன்றும் தேற விடாது. 50 ஆடு, கொட்டகை, கடன் என்று திட்டம் எழுதித் தருகிறவரிடம், அந்த 50க்கும் பங்குனியில் தீவனம் எங்கே என்று கேளுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை காடு காய்ந்து கிடக்கும். சோளத்தட்டும் கடலைக்கொடியும் முன்னமே வாங்கி அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

காட்டை நாலாகத் தடுத்து, ஒன்றில் 10, 12 நாள் மேய்த்து அடுத்ததற்கு மாற்றுங்கள். முழங்கால் உயரத்தில் உள்ளே விட்டு, ஒரு சாண் ஆனதும் வெளியேற்றுங்கள். அடித்தூரில் கணு தெரிகிற அளவுக்கு மேய்ந்துவிட்டால் அடுத்த மழைக்குத் தூர் கட்டாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு தடுப்பை மட்டும் உழுது கொள்ளு போடுங்கள். இறுகின மண் இளகி, உள்ளே கிடக்கிற புல்விதை மேலே வரும்.

விற்கிற பேச்சை இரண்டு புரட்டாசி தள்ளி வையுங்கள். போத்து வெட்டுவதற்கு முன் நில அளவையரை வைத்து எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். உயிர்வேலி வேர் பிடித்த பிறகு ஒரு அடி தள்ளி நட முடியாது.