மழைக்குப் பொங்கும் கழிவறை: கோளாறு டேங்கிலா, உறிஞ்சுகுழியிலா?

சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2016-ல் வீடு கட்டினோம். மாடியில் வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்து ஒன்பது பேர். செப்டிக் டேங்க் கழிவை இதுவரை எடுக்கவே இல்லை. ஐப்பசி மழை பிடித்தால் கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் பொங்குகிறது. மழை விட்டு நாலைந்து நாளில் சரியாகிவிடுகிறது. மாமனார் ஆசிட் ஊற்றச் சொல்கிறார், கடைக்காரர் பாக்டீரியா பவுடர் தருகிறார். எதைச் செய்வது?"

இரண்டும் வேண்டாம். மழை விட்டதும் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டேங்கைத் தாண்டி இருக்கும் உறிஞ்சுகுழி தண்ணீரை வாங்க மறுக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

மூடியைத் திறந்தால் தண்ணீர் தளும்பி நிற்கும். உடனே "டேங்க் நிறைந்துவிட்டது" என்பார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், அதன் அமைப்பே அப்படி. கனமானது சேறாக அடியில் தங்குகிறது. எண்ணெய்ப் பசையும் லேசானதும் பாலாடை மாதிரி மேலே படர்கிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றில் ஒரு பகுதியைத்தான் செரிக்கும், மீதி அப்படியே தங்கிவிடும். "தானா செரிச்சுக்கும், எடுக்கவே வேணாம்" என்று மேஸ்திரி சொன்னதை நம்பி விட்டுவிட்டால், சேறு உயர உயர நடுவில் இடம் குறைந்து, கசடு உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அடைத்த மண்ணைத் திரும்பச் சரிசெய்வது கஷ்டம். டேங்க் எடுக்க ஒரு நாள் போதும், புதுக் குழி தோண்டுவது பெரிய செலவு.

நம் ஊர் நிலமும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில் பல இடங்களில் சில அடி செம்மண்ணும் சரளையும் தாண்டினால் பாறைதான். உறை இறக்குகிறவர் பாறை தட்டியதும் நிறுத்திவிடுவார். மழைக்காலத்தில் மலைப்பக்கத்து ஈரம் பாறையின் மேலாகவே ஓடிவந்து, குழியை வெளியிலிருந்து நிரப்பும். அப்புறம் உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு இடம் ஏது? மொட்டைமாடி மழைநீர்க் குழாயை யாராவது இந்தக் குழியிலேயே விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இருந்தால் முதல் வேலை அதைப் பிரிப்பது.

மழை ஓய்ந்த ஒரு நாள், கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காலையிலேயே டேங்கைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டம் வெளிக்குழாயின் அடிவிளிம்போடு நின்றால் டேங்குக்கு அப்புறம் அடைப்பில்லை. குழாய் முழுகி மேலே ஏறி நின்றால் உறிஞ்சுகுழியிலோ அதற்குப் போகும் குழாயிலோ கோளாறு. டேங்கில் மட்டம் சரியாக இருந்தும் கழிவறை பொங்கினால், வீட்டிலிருந்து வரும் குழாயில் அடைப்பு. வெளிக்குழாயில் டி வடிவத் துண்டு மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது உடைந்து விழுந்திருந்தால் மேலே மிதக்கும் படலம் நேராகக் குழிக்குப் போய்விடும்.

சேறு எவ்வளவு என்று அறிய, நீளமான கம்பில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி, சிறிது நேரம் நிறுத்தி எடுப்பது வழக்கம். போன வருஷம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் அப்படி எடுத்தபோது, நாலரை அடித் தண்ணீரில் மூன்றடிக்குத் துணி கறுப்பாக வந்தது. சேறும் மேலே மிதக்கும் படலமும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே எடுத்தாக வேண்டும். பொதுவாக இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. ஒன்பது பேருக்கு, அதுவும் இத்தனை வருஷம் விட்ட பிறகு, நீங்கள் அளந்துகூடப் பார்க்க வேண்டாம்.

மூடி திறந்திருக்கும்போது பீடி, தீக்குச்சி பக்கத்தில் வரக்கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். குனிந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் இல்லையே என்று நினைக்கும் இடத்தில்தான் உயிர் போகிறது. எந்தக் காரணத்துக்கும் ஓர் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விழுந்தவரைத் தூக்கப் போனவர்களும் சேர்ந்து இறந்த வீடுகள் உண்டு. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

செப்டிக் டேங்க் கழிவு எடுப்பதற்கான உதவி எண் 14420-க்கு அழைத்து, உரிமம் உள்ள உறிஞ்சு லாரியைக் கேளுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். ஓடையில் விட்டால் அது திருமணிமுத்தாற்றில் சேர்ந்து நம் ஊருக்குள்ளேயே ஓடிவரும். டேங்க்கைத் தேய்த்துக் கழுவச் சொல்லாதீர்கள், அடியில் கொஞ்சம் சேறு இருக்கட்டும், அதுதான் உறை மோர். பவுடர் ஏன் தேவையில்லை என்பதும் இதிலேயே புரியும். பிளாஸ்டிக் டேங்க்காக இருந்தால் எடுத்ததும் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஈர மண்ணில் காலி டேங்க் மேலே எழும்பிவிடும்.

ஆசிட், சேறு செரிக்கும் உயிரைக் கொல்லும், சிமென்ட்டையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்த வேலையே வேண்டாம் என்று மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். முப்பதுக்கு நாற்பது மனையில் அது நடக்காது; வெடிப்புள்ள பாறையில் 18 மீட்டரும் போதாமல் போகலாம். ஆகவே போர் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

டேங்க் எடுத்த பிறகும் அடுத்த மழைக்குப் பொங்கினால், மனையின் மேடான பக்கத்தில் புதுக் குழி போட வேண்டிவரும். அதுவரை வாஷிங் மெஷின் தண்ணீரையும் குளியல் தண்ணீரையும் தனியாகப் பிரித்து வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள், பாரம் வெகுவாகக் குறையும். நாப்கின், டயப்பர் எதையும் கழிவறையில் போட வேண்டாம் என்று மாடி வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் இப்போதே அதை எடுத்துவிட்டு, இறுக்கமாகப் பொருந்தும் கனமான மூடி போடுங்கள். எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில் மூடி இருக்கிறது, எந்தத் தேதியில் லாரி வந்தது என்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.