நெற்றி சுருங்குகிறதா, முதலில் அதைப் பாருங்கள்!
நரம்பு, மனநலம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வலை இழுக்கிற தொழில். விடியற்காலை கரைக்கு வந்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. பார்த்தால் வாய் கோணியிருந்தது. கடல்காற்று அடித்ததால் வந்தது, எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள். பக்கவாதமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, காசிமேடு)

இந்த இதழ் கைக்கு வருவதற்குள் டாக்டரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். இல்லையென்றால் இன்றே கிளம்புங்கள், எண்ணெய் வேண்டாம்.

வாய் கோணியவரை எதிரில் உட்காரவைத்து, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு விழுகிறதா? அடுத்து கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள். கோணிய பக்கத்தில் நெற்றி வழவழவென்று கோடில்லாமல் இருந்து, கண்ணும் மூடாமல் வெள்ளை விழி தெரிந்தால், காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு வரும் நரம்பு வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இதை முகவாதம் என்கிறோம். நெற்றி நன்றாகச் சுருங்கி வாய் மட்டும் இழுத்திருந்தால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பாதி அடிபட்டாலும் மறுபாதி நெற்றியைக் காப்பாற்றிவிடும். வாய்ப்பக்கத் தசைக்கு அந்தத் துணை கிடையாது. நரம்பே கெட்டுப்போனால் நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்து விழும்.

ஆனால் இந்த ஒன்றை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. மூளையும் தண்டுவடமும் சேரும் இடமான மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைபட்டால் நெற்றியும் விழலாம். எனவே இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி நீட்டி, கண்ணை மூடிப் பத்து வினாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை உள்பக்கம் திரும்பிக்கொண்டே கீழே இறங்கினால் அது மூளைப் பிரச்சினைதான். பேச்சு குழறினாலும், சொன்னது புரியாமல் விழித்தாலும், ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், நடை தள்ளாடினாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே 108-ஐ அழைத்து, 'பக்கவாதம் மாதிரி இருக்கிறது' என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். சிடி ஸ்கேனும் நரம்பியல் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். உங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்று நிற்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து தொடங்காது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். தூங்கி எழுந்தபோதே கோணியிருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் போகும் நேரமும் இந்த நாலரை மணிக்குள்தான் அடக்கம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன.

வழியில் சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சிடி எடுக்காமல் யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். பிபி ஏறியிருக்கிறது என்று நாக்கடியில் மாத்திரை வைப்பதும் தவறு. அடைபட்ட இடத்துக்குச் சுற்றுவழியில் கொஞ்சமாவது ரத்தம் போவதே அந்த அழுத்தத்தால்தான். வீட்டில் சுகர் பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். சுகர் தாழ்ந்தாலும் கை கால் இழுத்த மாதிரியே தெரியும்.

முகவாதம்தான் என்று டாக்டர் உறுதி செய்தால், 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முகம் திரும்பிவிடும். சுகர் உள்ளவருக்கு ஸ்டீராய்டு சுகரை ஏற்றும் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதுவரை கண்ணைத்தான் காக்க வேண்டும். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரும், அப்புறம் முகம் நேராகியும் பார்வை போயிருக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி மெல்லிய பிளாஸ்திரி. கடலுக்குப் போவதென்றால் கண்ணாடி இல்லாமல் போக வேண்டாம். காதுக்குள் கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலை, அதற்கு வேறு மருந்தும் சேரும்.

கேள்வி: ஃபிட்ஸ் வரும்போது கையில் இரும்புச் சாவி கொடுத்தால் நிற்கிறது. நானே பார்த்திருக்கிறேன். தப்பா? (வாசகர், வியாசர்பாடி)

பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வந்து விரலைப் பிரித்துத் திணிப்பதற்கும் அந்த நேரம்தான் ஆகிறது. சாவி கீறும், பல்லுக்கிடையில் வைத்த கரண்டி பல்லை உடைக்கும். கடிகாரத்தைப் பாருங்கள், பக்கத்தில் உள்ள பொருளை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. யாராவது செல்போனில் படம் எடுத்தால் அது பெரிய உதவி. கண் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கையில் தொடங்கியது என்பது டாக்டருக்கு ஸ்கேனைவிட முக்கியமாக இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 15 வருடமாக சுகர். கால் மரத்துப்போகிறது என்று நரம்பு டாக்டரிடம் போனோம். சுத்தியலால் தட்டினார், ஒரு கம்பியை அதிரவைத்துக் காலில் வைத்தார், உள்ளங்காலைக் கீறினார். மூளைக்கு ஸ்கேன் எழுதவேயில்லை. சரியாகப் பார்த்தாரா? (வாசகி, கொருக்குப்பேட்டை)

நன்றாகவே பார்த்திருக்கிறார். நரம்பியல் பரிசோதனை என்பதே பழுது எங்கே என்று தேடுவதுதான். மூளையா, தண்டுவடமா, நரம்பா, தசையா? இடம் தெரிந்த பிறகுதான் எந்தப் படம், எந்த ரத்தப் பரிசோதனை என்று முடிவு செய்ய முடியும். கால் நரம்பில் பழுதுள்ளவருக்கு மூளை ஸ்கேன் எடுத்தால் 'நார்மல்' என்று வரும், பணம் போகும், கால் அப்படியே இருக்கும்.

முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரைத் தட்டினால், தசை ஒரு கணம் இழுபடுகிறது. அந்தச் செய்தி இடுப்புப்பக்கத் தண்டுவடத்துக்குப் போய், மூளையைக் கேட்காமலே கட்டளையாகத் திரும்பி வருகிறது, கால் எகிறுகிறது. இந்த வட்டத்தில் எங்கேயாவது நரம்பு அறுந்தால் எகிறல் குறையும். மூளையிலிருந்து வரும் கடிவாளம் போனால் எகிறல் அதிகமாகும். சுகரில் முதலில் மறைவது குதிகால் நாணின் எகிறல், ஏனென்றால் நீளமான நரம்பின் நுனிதான் முதலில் வாடும். மரப்பு காலுறை போட்ட மாதிரி பாதத்திலிருந்து மேலே ஏறுவதும் அதனால்தான். தட்டும்போது எகிறல் வரவில்லையென்றால் இரண்டு கை விரல்களையும் கொக்கி போட்டு இழுக்கச் சொல்வார்கள். இழுக்கும் நொடியில் தட்டினால் ஒளிந்திருந்த எகிறல் வெளியே வரும். அப்போதும் வராவிட்டால்தான் 'இல்லை' என்று எழுதலாம்.

உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து வெளி ஓரமாகச் சுண்டுவிரல் பக்கம்வரை, பின் உள்பக்கமாகக் கீறுவது பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-ல் சொன்ன சோதனை. பெருவிரல் கீழே மடங்கினால் சரி. மேலே தூக்கினால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தூக்குவது இயல்பு. அப்பாவுக்குக் கீழே மடங்கியிருக்கும், மூளை ஸ்கேன் எழுதாததற்கு அது முக்கியமான காரணம்.

அதிர்ந்த கம்பியின் பெயர் இசைக்கவை, நொடிக்கு 128 முறை (128 ஹெர்ட்ஸ்) அதிரும். பெருவிரல் எலும்பில் வைத்து, 'அதிர்வு எப்போது நிற்கிறது' என்று கேட்பார்கள். டாக்டரின் விரலுக்கு அதிர்வு இன்னும் தெரியும்போதே அப்பா 'நின்றுவிட்டது' என்றால், நரம்பு மந்தம்.

வீட்டில் நீங்கள் இரண்டு விஷயம் கேளுங்கள். நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போகிறாரா? குளிக்கும்போது முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் தடுமாறுகிறாரா? கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற செய்தி மேலே போகவில்லையென்றால் கண்தான் அந்த வேலையைச் செய்யும். கண்ணை மூடியதும் ஆள் சாய்வார். டாக்டர் காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வதும் இதைப் பார்க்கத்தான். ஆம் என்றால் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவருக்கு பி12 குறையும், அது திருத்தக்கூடிய பழுது. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுங்கள். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், ஆணி குத்தியிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

கேள்வி: தம்பிக்கு 21 வயது. காதில் குரல் கேட்கிறது என்று மனநல டாக்டரிடம் காட்டி மருந்து தொடங்கினோம். மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகிக்கொண்டது. ஊரே கூடி, இது மருந்தில் அடங்காது, மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள். (வாசகர், திருவொற்றியூர்)

பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும், ஆனால் இது மருந்தின் பக்கவிளைவு. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுப்பதால், முதல் சில நாட்களில், அதுவும் இளைஞர்களுக்கு, தசை இப்படி முறுக்கிக்கொள்ளும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைட் ஊசிக்கும் சிலருக்கு இதே மாதிரி வரும், மனநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவசரப் பிரிவில் புரோமெத்தசின் ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகும். கொடுத்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் முடிந்துவிடும். தொண்டை இறுகி மூச்சு திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் அடித்து, உடம்பு முழுக்கக் கட்டை போல விறைத்து, நினைவு மங்கினால் அது வேறு, உயிருக்கு ஆபத்தானது, ஐசியு வேண்டும்.

பிறகு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். நிறுத்தினால் குரல்கள் திரும்பும். ராத்திரி யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண் கட்டணமில்லாமல் 24 மணி நேரமும் தமிழில் பேசும்.

கேள்வி: அம்மாவுக்கு 74. நேற்றுவரை சமையல் செய்தவர், இரண்டு நாளாக ராத்திரியில் சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் ஆள் நிற்கிறது என்கிறார். காலையில் கொஞ்சம் தெளிவு. புத்தி பேதலித்துவிட்டதா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

எழுபது வயதுக்கு மேல் முதன்முறையாக, இரண்டு நாளில், கண்ணுக்கு உருவம் தெரிந்தால் அதை மனநோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் ஏதோ கெட்டிருக்கிறது, மூளை அதைச் சொல்கிறது. மனச்சிதைவு பெரும்பாலும் இளவயதில் மெல்லத் தொடங்கும், பெரும்பாலும் காதில் குரலாக வரும். மறதி நோய்க்கு மாதங்கள், வருடங்கள் பிடிக்கும். பகலில் தெளிந்து இரவில் குழம்பி ஏறி இறங்குவது திடீர்க் குழப்பநிலையின் அடையாளம்.

கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி… நடுவில் வழி தவறி, என்ன கேட்டீர்கள் என்பதையே மறந்துவிட்டால் கவனம் சிதறியிருக்கிறது. இந்த நோயின் மையமே கவனச் சிதறல்தான்.

பிறகு வீட்டிலேயே துப்புத் துலக்குங்கள். சிறுநீர் எரிகிறதா, இருமலா, காய்ச்சலா? மலம் போய் எத்தனை நாள்? சித்திரை வெயிலில் தண்ணீர் சரியாகக் குடித்தாரா? பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை உண்டா? அது சோடியம் உப்பை இறக்கிவிடும், உப்பு இறங்கினால் இப்படியே ஆகும். சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கினீர்களா? நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடிலும் முதியவர்களைக் குழப்பும். பல வாரத்துக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் இடித்து, 'ஒன்றுமில்லை' என்று விட்டதுண்டா? மண்டைக்குள் ரத்தம் மெல்லத் தேங்க அத்தனை நாள் எடுக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, இன்றே பொது மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை கொடுத்து அமைதியாக்க வேண்டாம், குழப்பம் கூடும். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது மிஷின் இருந்தால் மாட்டுங்கள், இரவில் சின்ன விளக்கு எரியட்டும். பூச்சி இல்லை என்று சண்டை போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் திடீரென்று இடது கால் வரவில்லை. எல்லா ஸ்கேனும் நார்மல். நடிக்கிறாள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். (வாசகி, பெரம்பூர்)

நடிக்கவில்லை. மூளை, நரம்பின் அமைப்பு சரியாக இருந்தும் இயக்கத்தில் கோளாறு வரும். இதை 'வேறு நோய் எதுவும் இல்லை' என்று கழித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, நேரடியாகக் காட்டும் சோதனையே உண்டு. மல்லாந்து படுக்கவைத்து, வராத காலின் குதிகாலுக்கு அடியில் டாக்டர் உள்ளங்கையை வைப்பார். அந்தக் காலைக் கீழே அழுத்தச் சொன்னால் அழுத்தம் வராது. பிறகு நல்ல காலை மேலே தூக்கச் சொல்லி எதிர்ப்புக் கொடுப்பார். அப்போது வராத கால் தானாகக் கீழே அழுத்தும், ஏனென்றால் ஒரு காலைத் தூக்க மறுகால் ஊன்றுவது நம் கட்டளைக்கு அப்பாற்பட்ட அனிச்சை. ஹூவர் சோதனை என்று பெயர். நல்ல டாக்டர் இதை மகளுக்கே காட்டுவார்: 'பார், வழி திறந்துதான் இருக்கிறது, நீ கவனம் வைக்கும்போது மட்டும் அடைபடுகிறது.'

இதைப் புரிந்துகொண்ட பிசியோதெரபிஸ்ட் வேண்டும், கூடவே மனநல ஆலோசனையும். காலைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னால் வராத கால், பின்பக்கமாக நடக்கச் சொன்னாலோ, தாளத்துக்கு அடியெடுத்து வைக்கச் சொன்னாலோ பலருக்கு வரும். அங்கிருந்துதான் பயிற்சி தொடங்கும். வாக்கரும் சக்கர நாற்காலியும் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'இன்னிக்குக் கால் எப்படி இருக்கு' என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.